நிறைய அளந்த கேசட்

வேர்க்கடலைக்கு எங்கள் ஊரில் மல்லாட்டை என்று பேர். மல்லாட்டை மூட்டையைப் பிரித்ததும் ஒரு செம்மண் தூசி கிளம்பும். அதில் லேசான எண்ணெய்ப் பிசுக்கும், வெயிலில் காய்ந்த கொடியின் கசப்பும், பூச்சிக்காகப் போட்டு வைத்த வேப்பிலையும் கலந்து ஒரு வாசனை இருக்கும். இங்கிலாந்துப் பாட்டுக் குழு ஒன்றின் குரலை நான் முதன்முதலில் கேட்டது அந்தத் தூசிக்கு நடுவில் உட்கார்ந்துதான் என்பதால், அந்தக் காலத்து ஆங்கிலப் பாட்டு எங்கேயாவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது தும்மல்தான். என் மகள் இதை யாரிடம் சொன்னாலும் அவர்கள் நம்புவதில்லை.

திண்டிவனத்தில் எங்கள் அப்பா மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். வீட்டின் முன்பாதி மண்டி, பின்பாதி நாங்கள். இரண்டுக்கும் நடுவே இருந்த அறையில், அம்மா பூப்பின்னல் துணி போட்டு மூடி வைத்த டேப் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. சீசனில் மூட்டைகள் அந்த அறைக்குள்ளும் ஏறி வந்துவிடும். அப்பாவுக்கு வியாபாரத்தில் ஒரே ஒரு வைராக்கியம் உண்டு. அளக்கிற மரக்கால் விளிம்போடு நிற்கக் கூடாது, மேலே கூம்பாகக் குவிந்து நாலு கொட்டை கீழே சிந்த வேண்டும். வாங்கும்போதும் அப்படித்தான், விற்கும்போதும் அப்படித்தான். "காசு வாங்கினா நிறைய அளக்கணும்" என்பது அவர் வாயில் நாளைக்குப் பத்து முறை வரும். துணிக்கடையில் ரவிக்கைத் துணி கிழிக்கும்போதும், பால்காரர் ஊற்றும்போதும், கோயிலில் விபூதி வாங்கும்போதும்கூட அவர் பார்வை அளவின் மேல்தான் இருக்கும். இந்தப் பழக்கம் இங்கிலாந்து வரைக்கும் போய் ஒரு வேலை செய்யப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

நாங்கள் மூன்று பேர், ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்ச். நூர்ஜஹானுக்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம். திண்டிவனத்தில் சின்னம்மா வீட்டில் தங்கிப் படித்தாள். அவளுடைய அண்ணன் துபாயில் வேலை பார்த்ததால், எங்கள் வகுப்பில் வாசனை சோப்பு, பூப்போட்ட அழிரப்பர் போன்ற "பாரின்" சமாச்சாரங்களுக்கு எல்லாம் அவள்தான் வாசல். இன்னொருத்தி அருள்மேரி. அவளுடைய அம்மா எங்கள் மண்டிக்கு மல்லாட்டை உடைக்க வருவார். அருள்மேரி அம்மாவோடு வருகிற நாளில் மண்டியில் உட்காருவாள், என்னைப் பார்க்க வருகிற நாளில் உள்ளே வந்து உட்காருவாள். எந்த நாள் எது என்பதை அவளே முடிவு செய்துகொள்வாள். நான் கூப்பிட்டாலும் கேட்க மாட்டாள்.

அருள்மேரியின் குரலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆள் ஒல்லி, குரல் மட்டும் கனம். தொண்டையிலிருந்து வருகிற மாதிரி இருக்காது, அடிவயிற்றிலிருந்து ஏறி வருகிற மாதிரி இருக்கும். புதிதாக வந்த டீச்சர்கள் வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் "உள்ளேன் டீச்சர்" என்றால் தலையை நிமிர்த்தி, வகுப்புக்குள் வந்த ஆண்பிள்ளை யார் என்று தேடுவார்கள். வகுப்பே சிரிக்கும். அவளும் சிரித்து வைப்பாள். ஆனால் தேவாலயப் பாடகர் குழுவில் நடந்ததற்கு அவள் சிரிக்கவில்லை. பாட்டு ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடம் என்பதால் குழுவை நடத்திய ஐசக் சார் அவளை முதல் வரிசையில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு, "நீ வாய மட்டும் அசைச்சா போதும்மா, சத்தம் வேணாம். மத்த புள்ளைங்க சுருதி கெட்டுப் போவுது" என்றார். கெட்ட மனிதர் இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். ஒரு வருஷத்துக்கு மேல் அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் முதல் வரிசையில் நின்று சத்தமில்லாமல் வாயை அசைத்தாள். பாட்டு என்றால் உயிரை விடுகிற பெண் அவள். பிறகு வீட்டில்கூடப் பாடுவதை நிறுத்திவிட்டாள்.

அந்த வருஷம் நூர்ஜஹானின் அண்ணன் லீவில் வந்தார். இடுப்பில் சின்னதாய் ஒரு கேசட் பெட்டியைச் செருகிக்கொண்டு, காதில் பஞ்சு வைத்த கம்பி ஒன்றை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாராம். "சோறு போட்டாலும் ஆட்டுறாரு, உம்மா திட்டினாலும் ஆட்டுறாரு. என்ன பாட்டுன்னு வெளிய ஒரு துளி கேக்க மாட்டேங்குது" என்று நூர்ஜஹான் வந்து புலம்பினாள். அண்ணன் தூங்கும்போது அந்தக் கேசட்டின் அட்டையை மட்டும் உருவிக்கொண்டு வந்து எங்களிடம் காட்டினாள்.

அட்டையில் நாலு பேர். சாம்பல் நிறக் கடலுக்கு முன்னால், குளிரில் தோளை ஒடுக்கிக்கொண்டு மூன்று ஆண்கள். நடுவில் கத்தரித்த தலைமுடியும் ஆண்பிள்ளைக் கோட்டுமாக ஒரு பெண். குழுவின் பெயர் சால்ட் ஸ்ட்ரீட். உள்பக்கம் எறும்பு ஊர்கிற எழுத்தில் அவர்கள் கதை இருந்தது. பள்ளி நூலகத்து அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் அதைப் படித்தோம். வட இங்கிலாந்தில் ஒரு மீன்பிடி ஊர். அங்கே உப்புக் கிடங்குகள் இருந்த தெருவில் வளர்ந்த நாலு பேர். கிட்டாரும் பாஸ் கிட்டாரும் வாசிப்பவர்கள் அண்ணன் தம்பி, டிரம்ஸ் வாசிப்பவன் பஸ் டிரைவர் மகன். பாடுகிற பெண் பெயர் ஹேசல். மீனை டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். காலியாகிக் கிடந்த ஐஸ் கிடங்கில் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு ஒத்திகை பார்த்தார்களாம். மரக்காணத்து உப்பளத்தையும் கோட்டக்குப்பத்துக் கருவாட்டையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது ஒன்றும் அந்நிய தேசமாகத் தெரியவில்லை. "கருவாட்டுக் கம்பெனிப் பொண்ணுடி" என்று நூர்ஜஹான் உரிமையோடு சொன்னாள்.

அண்ணன் திரும்பிப் போவதற்குள் அந்தக் கேசட்டைப் படி எடுத்தாக வேண்டும். திண்டிவனத்தில் அப்போது இருந்த கடையில் பக்திப் பாட்டும் சினிமாப் பாட்டும்தான் எடுப்பார்கள். விழுப்புரத்தில் சேகர் அண்ணன் என்பவர் வைத்திருந்த "ரிக்கார்டிங் சென்டர்"தான் பேர் பெற்றது. மண்டி வேலையாக அப்பா விழுப்புரம் போகிற நாளில் காலி கேசட்டுக்குக் காசும் ஒரிஜினலையும் கொடுத்தனுப்பினோம். ஒரு நிபந்தனையும் போட்டோம். அந்தக் கடைகளில் ஒரு பழக்கம் இருந்தது. பாட்டு முடிந்து டேப் மிச்சம் இருந்தால், கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு இரண்டு சினிமாப் பாட்டைக் "கொசுறு" போட்டு நிரப்பிக் கொடுத்துவிடுவார். அதற்குச் சந்தோஷப்படுகிறவர்கள்தான் அதிகம். எங்களுக்கு அது கூடாது. "கொசுறு போடக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லணும்பா" என்று நான் மூன்று முறை சொன்னேன். அப்பா சாயங்காலம் கேசட்டோடு வந்தார். இரண்டு பக்கத்தையும் கடைசிக்கு ஓட்டி, டேப்பின் முனை வரைக்கும் பாட்டு இருந்ததை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். மூன்று பேரும் சேர்ந்துதான் கேட்பது என்று ஒப்பந்தம் இருந்ததால் நான் ஒரிஜினலைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. ஒரிஜினல் மறுநாளே நூர்ஜஹானோடு போய், அடுத்த வாரம் அண்ணனோடு துபாய்க்குப் போனது.

முதன்முதலில் அதைக் கேட்டபோது மூன்று பேரும் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். மழை நின்ற பிறகு ஓட்டிலிருந்து சொட்டுகிற மாதிரி நிதானமாய் ஒரு கிட்டார். அதற்குக் கீழே மண்டித் தரை அதிர்கிற மாதிரி பாஸ். பிறகு குரல் வந்தது. எந்த அவசரமும் இல்லாத, அடர்ந்த, பாதி சோகமும் பாதி பிடிவாதமுமான ஒரு குரல். கடைசிப் படகு இன்னும் திரும்பவில்லை என்று ஒரு பாட்டு. அதைக் கேட்டு நூர்ஜஹானும் நானும் அழுதே விட்டோம். அருள்மேரி அழவில்லை. எழுந்து போய் டேப் ரெக்கார்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

முன்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த அப்பா, "யாரு இந்த ஆளு? கெணத்துல எறங்கிக்கினு பாடறாப்பல கீதே" என்றார்.

"ஆளு இல்லப்பா. பொம்பள."

அப்பா நம்பவில்லை. அட்டை துபாய்க்குப் போய்விட்டதால் காட்டவும் முடியவில்லை. அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த அம்மாதான் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். "இன்னாடி, இந்தப் பொம்பள நம்ம அருளு மாதிரியே பாடறா" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் குழம்பு இருந்ததால் உள்ளே போய்விட்டாள். அதைக் கேட்ட அருள்மேரியின் முகம் எப்படி மாறியது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. ஒரு வருஷமாய் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், உன் குரல் கேசட்டில் ஏறி துபாய்க் கடையில் விற்கிறது என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அன்றிலிருந்து அவள் வீட்டுக்கு வருகிற நாட்களெல்லாம் உள்ளே வந்து உட்காருகிற நாட்களாயின. ஹேசல் பாடப் பாட அவளும் கூடவே பாடுவாள். அர்த்தம் பாதி புரியாது, உச்சரிப்பு எங்கள் ஊர் உச்சரிப்பு. ஆனால் சுருதி இம்மி விலகாது. சால்ட் ஸ்ட்ரீட்டைப் பற்றி மேற்கொண்டு தகவல் எல்லாம் சோப்புக் கட்டிகளைச் சுற்றிக்கொண்டு வந்தது. நூர்ஜஹானின் அண்ணன் யாரிடமாவது சாமான் கொடுத்தனுப்பும்போது ஆங்கிலப் பத்திரிகைத் தாளில் சுற்றி அனுப்புவார். எங்களுக்காக அந்தக் குழுவைப் பற்றிய பக்கமாகப் பார்த்துச் சுற்றுவார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அப்படித்தான் அந்தக் கடைசிப் படகுப் பாட்டு அந்த நாட்டில் முதல் பத்துக்குள் வந்ததைத் தெரிந்துகொண்டோம். பிறந்த ஊரில் பெரிய மேடை போட்டுப் பாடியபோது மீன் தொழிற்சாலையே லீவு விட்டது என்றும், ஹேசல் நேராகத் தன் பழைய கூட்டாளிகள் நின்ற வரிசைக்குப் போய்க் கையைக் கொடுத்தாள் என்றும் படித்தோம். என்ன மனுஷி என்று எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தத் தாள்களில் லக்ஸ் வாசனையும் மல்லாட்டை வாசனையும் சேர்ந்து அடித்தன. ஒரு தாளில், இந்தக் குழுவின் பாட்டுக்கு இளைஞர்கள் விடிய விடிய ஆடுகிறார்கள் என்று போட்டிருந்தது. இத்தனை சோகமான பாட்டுக்கு எப்படி ஆடுகிறார்கள், வெள்ளைக்காரர்கள் வழியே தனிதான் என்று நினைத்துக்கொண்டோம்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அருள்மேரி ஐசக் சாரிடம் போய், தான் தனியாக ஒரு கீர்த்தனை பாட வேண்டும், அதற்கு ஆர்மோனியத்தில் கட்டையை இறக்க வேண்டும் என்று கேட்டாள். ஐசக் சார் திகைத்துவிட்டார். "பொம்பளப் புள்ளைங்கல்லாம் அஞ்சு கட்டையில பாடுது. உனக்கு மட்டும் ரெண்டு கட்டையா? பொம்பளைக்கு அந்தச் சுருதி கெடையாதும்மா" என்றார்.

"இருக்குது சார். லண்டன்ல ஒருத்தி பாடறா. வந்து கேளுங்க."

மறுநாள் ஐசக் சார் சைக்கிளை மண்டி வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். அப்பா ஒரு மூட்டையைத் தட்டிவிட்டு உட்கார வைத்தார். ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். இரண்டாம் பாட்டில் அருள்மேரியும் சேர்ந்துகொண்டாள். இரண்டு குரலும் எங்கே சேர்கிறது, எங்கே பிரிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரிம்மா. பாடு" என்றார். அவள் அம்மா ஒரு வருஷமாய்க் கெஞ்சியும் மனம் இறங்காதவர், சீமைக்காரி ஒருத்தி சிபாரிசு செய்ததும் ஒரே பாட்டில் இறங்கிவிட்டார் என்று அப்பா அவர் போன பிறகு கேலி செய்தார்.

அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நாங்கள் குடும்பத்தோடு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். நூர்ஜஹானும் சின்னம்மாவிடம் என்னவோ சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஆர்மோனியம் தாழ்ந்த சுருதியில் ஆரம்பித்ததும் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். அருள்மேரி பாடினாள். யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மா முதலிலிருந்து கடைசி வரைக்கும் தலை குனிந்தே இருந்தார். பிறகு நிமிர்ந்து பக்கத்தில் இருந்தவரிடம், "எம் பொண்ணு" என்று மட்டும் சொன்னார். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்று கூட வரவில்லை. என் வீட்டுக்காரர் மன்னிக்கட்டும்.

அதற்கு அடுத்த வருஷம் அவள் பெயரைப் பள்ளியிலேயே விழுப்புரத்தில் நடக்கிற பாட்டுப் போட்டிக்குக் கொடுத்தார்கள். போட்டிக்குச் சில நாள் முன்னால்தான் சால்ட் ஸ்ட்ரீட்டின் இரண்டாவது கேசட் வந்தது. அண்ணன் இந்த முறை படி எடுக்கிற தொல்லையே வைக்காமல் எங்களுக்கென்றே ஒரு ஒரிஜினல் வாங்கி அனுப்பியிருந்தார். அட்டையில் அதே நாலு பேர். இப்போது தோள் அகலமான பளபளப்புக் கோட்டு, பின்னால் கடலுக்குப் பதில் கண்ணாடிக் கட்டடம். ஹேசல் தலைமுடி நெட்டுக்குத்தாய் நின்றது. அமெரிக்கா முழுக்கச் சுற்றிப் பாடியிருக்கிறார்கள் என்று உள்ளே எழுதியிருந்தது. மூன்று பேரும் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினோம்.

துள்ளிக்கொண்டு ஒரு பாட்டு வந்தது. அதில் மணி மாதிரி மெல்லிய, உயர்ந்த ஒரு பெண் குரல்.

"இது வேற ஆளுடி" என்றாள் நூர்ஜஹான். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அதே ஹேசல்தான். தொண்டையில் ஆபரேஷன் நடந்திருக்கும் என்றேன் நான். பேர் வந்ததும் காசு ஆசை பிடித்துவிட்டது என்றாள் நூர்ஜஹான். அருள்மேரி இரண்டு பக்கமும் முடிகிற வரைக்கும் கேட்டாள். அப்புறம், "இல்லடி. அவளையும் எவனோ ஒசத்திப் பாடச் சொல்லிட்டான். நீ கீழ பாடினா எடுபடாதுன்னு சொல்லியிருப்பான். பாவம், அவளும் சரின்னுட்டா" என்றாள். கோபமும் இரக்கமும் சேர்ந்து அவள் குரல் இன்னும் கீழே போனது. "நான் மாத்த மாட்டேன். விழுப்புரத்துல அவளுக்கும் சேத்துத்தான் பாடப் போறேன்" என்றாள்.

போட்டி அன்று அப்பாதான் எங்களை பாசஞ்சரில் கூட்டிக்கொண்டு போனார். மயிலம் தாண்டியது, முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையின் இனிப்பு நாற்றம் ஜன்னல் வழியாக வந்தது. அருள்மேரி வாய்க்குள்ளேயே பாடிப் பார்த்துக்கொண்டு வந்தாள். போட்டி மத்தியானம்தான். அதற்குள் இரண்டாவது கேசட்டை அருள்மேரிக்கு ஒரு படி எடுத்துவிடலாம் என்று நூர்ஜஹான் சொன்னதால் நேராக சேகர் அண்ணன் கடைக்குப் போனோம். தச்சன் பென்சில் செருகுகிற மாதிரி காதில் மெல்லிய ஸ்குரூ டிரைவரைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நூர்ஜஹான் சும்மா இருக்கவில்லை. "அண்ணா, இது டூப்ளிகேட்டா பாத்துச் சொல்லுங்க. முன்ன நீங்க எடுத்துக் குடுத்ததுல கொரலு இப்படி இல்ல" என்று, போட்டிக்கு ராசியாக இருக்கட்டும் என்று கையோடு கொண்டு வந்திருந்த பழைய கேசட்டையும் நீட்டினாள்.

சேகர் அண்ணன் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுப் பார்த்தார். சிரித்தார். "ஒரே கொரலுதாம்மா. மொத ஒரிஜினல்லயும் இப்படித்தான் கீச்சுனு இருந்துச்சு. நாந்தான் எறக்கினேன்."

"எறக்கினீங்களா?"

"பக்கத்துக்கு நாலஞ்சு நிமிஷம் டேப்பு மிஞ்சிச்சு. கொசுறு போடக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினீங்க. இவரு இன்னாடான்னா காசு குடுத்த டேப்பு, ஒரு அங்குலம் காலியா இருந்தாலும் வாங்க மாட்டேன்னு நின்னுக்கினாரு. நான் இன்னா பண்றது? மோட்டார மெதுவா வுட்டேன். பாட்டு நீண்டுக்கினு ரொம்பிடுச்சு."

அப்பா எங்களைப் பார்த்தார். "நிறைய அளக்கச் சொன்னேன், அவ்ளோதான்" என்றார். அவர் தப்பாக எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

சேகர் அண்ணன் தன் சாமர்த்தியத்தைக் காட்டுகிற உற்சாகத்தில் இருந்தார். புதிய கேசட்டை ஓட விட்டு, ஸ்குரூ டிரைவரைக் காதிலிருந்து எடுத்து டெக்கின் பின்பக்கத்து ஓட்டையில் விட்டுத் திருகினார். துள்ளல் அடங்கி, பாட்டு தள்ளாடி, மெல்ல மெல்ல இறங்கி, மணிக்குரல் கரைந்து, எங்கள் ஹேசல் வந்து நின்றாள். நாங்கள் அழுததெல்லாம் ஆட்டப் பாட்டுக்குத்தான் என்று அப்போது விளங்கியது.

அருள்மேரி ஸ்குரூ டிரைவரின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இது யாரு கொரலுண்ணா?" என்று கேட்டாள்.

"இது யாரு கொரலும் இல்லம்மா. திருகினா வர்றது."

அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் போய் மூன்று கோலி சோடா வாங்கி வந்தார். நூர்ஜஹான் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு ஐசக் சாரின் மூக்குக்கண்ணாடியும், வாயை மட்டும் அசைத்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளும்தான் ஞாபகம் வந்தன. இன்னும் இரண்டு மணி நேரத்தில் போட்டி. உலகத்தில் இந்தக் குரலோடு ஒரு பெண் இருக்கிறாள் என்கிற ஒரே தைரியத்தில் இவ்வளவு தூரம் வந்தவள் அவள். திரும்பி ஸ்டேஷனுக்குப் போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

அவள் சோடாவைத் தொடவில்லை. கவுன்டரில் கையை ஊன்றிக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த பாட்டோடு சேர்ந்து பாட ஆரம்பித்தாள். சால்ட் ஸ்ட்ரீட்டின் புதுப் பாட்டு. வரிகள் இன்னும் சரியாகத் தெரியாது, அதனால் ராகத்தை மட்டும் பாடினாள். கொஞ்ச நேரத்தில் கையை உயர்த்தி, "இப்ப டேப்ப நிறுத்துங்கண்ணா" என்றாள்.

சேகர் அண்ணன் நிறுத்தினார். அவள் நிறுத்தவில்லை. அதே இடத்திலிருந்து, அதே சுருதியில், எந்தத் திருகலும் இல்லாமல் அந்தக் குரல் போய்க்கொண்டே இருந்தது. தெருவில் போனவர்கள் இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். சேகர் அண்ணன் ஸ்குரூ டிரைவரைக் காதில் செருகப் போய், செருகாமல் அப்படியே கையில் பிடித்துக்கொண்டிருந்தார். பாடி முடித்ததும் அருள்மேரி தாவணி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஜல்தியா வாங்கடி, நேரமாவுது" என்று முதலில் படி இறங்கினாள்.

போட்டியில் அவள் பாடி முடித்ததும் நடுவர்களில் ஒருவர், "இப்படிப் பாட உனக்கு யாரம்மா சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். அதற்கு முன்னால் யார் கேட்டாலும் லண்டன்காரியைத்தான் சொல்வாள். நானும் நூர்ஜஹானும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். "யாரும் இல்லீங்க சார். இது என் கொரலு" என்றாள் அருள்மேரி. இரண்டாம் பரிசு கிடைத்தது, எவர்சில்வர் டிபன் பாக்ஸ். முதல் பரிசை வாங்கின ஐந்து கட்டைப் பெண்ணை நூர்ஜஹான் இன்று வரை மன்னிக்கவில்லை.

அதன் பிறகு நாங்கள் சால்ட் ஸ்ட்ரீட்டை வெறுத்துவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பழகப் பழக அந்த மணிக்குரலும் பிடித்துப்போனது. அது துள்ளுவதற்கும் அழகு இருந்தது, எங்கள் காதுதான் அவசரப்பட்டது. மூன்றாவது கேசட்டும் வந்தது. அதில் அண்ணன் தம்பியில் அண்ணன் இல்லை, அட்டையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். பிறந்த ஊரைப் பற்றி அதில் ஒரு பாட்டு உண்டு. அவர்கள் போட்டதிலேயே ஒசத்தி அதுதான் என்று நான் யாரோடும் சண்டைக்கு நிற்பேன். நாங்கள் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோதே, ஒரு சோப்பைச் சுற்றி வந்த தாளில் அந்தக் குழு எப்போதோ கலைந்துவிட்டது என்று இருந்தது. இங்கிலாந்தில் பிரிந்து போனவர்கள் திண்டிவனத்தில் மட்டும் மேலும் ஒரு வருஷம் ஒற்றுமையாய் இருந்திருக்கிறார்கள். மீன் டப்பாக் கம்பெனியிலிருந்து அமெரிக்க மேடை வரைக்கும் போய், மூன்றே கேசட்டில் எங்கள் இளமை முழுவதையும் நிரப்பிவிட்டுப் போனவர்கள். ஹேசல் மறுபடி வேலைக்குப் போய்விட்டாள் என்று அந்தத் தாள் சொன்னது.

சேகர் அண்ணன் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். எங்கள் மண்டி போய் அங்கே ஒரு பேக்கரி வந்துவிட்டது. நிறைய அளந்த அந்தக் கேசட்டை எங்கள் டேப் ரெக்கார்டரே ஒரு நாள் இழுத்துச் சுருட்டித் தின்றுவிட்டது. அப்பா இல்லை. அம்மாவும் போன வருஷம் போய்விட்டாள். அருள்மேரி டீச்சராய் இருந்து ஓய்வுக்குக் காத்திருக்கிறாள். ஐசக் சாருக்குப் பிறகு பாடகர் குழு அவள் கையில். ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, "உனக்கு எங்க வசதியா இருக்குது, அங்கருந்து பாடு" என்றுதான் ஆரம்பிப்பாள்.

சென்ற மாதம் ஷார்ஜாவிலிருந்து நூர்ஜஹான் ஒரு வீடியோ அனுப்பினாள். ஏதோ ஒரு சின்னக் கூடத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்த ஐம்பது பேருக்கு முன்னால், நரைத்த தலையோடு ஹேசல். பக்கத்தில் கிட்டாரோடு, பிரிந்து போன அந்த அண்ணன். நான் தனியாகக் கேட்காமல் நேராக அருள்மேரி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைசிப் படகுப் பாட்டு. வயசான தொண்டைக்காகச் சுருதியை இறக்கி, நிதானமாய் எடுத்தார்கள். அடர்ந்த, அவசரமில்லாத, பாதி சோகமும் பாதி பிடிவாதமுமான அந்தக் குரல் வந்தது. யார் குரலும் இல்லை என்று சேகர் அண்ணன் சொன்ன அதே குரல். எந்த ஸ்குரூவும் திருகாமல் வந்தது.

அருள்மேரி பாட்டு முடிந்ததும் மறுபடி போடச் சொல்லிக் கையைக் காட்டினாள். நான் போட்டேன். எனக்கு அழுகை வந்தது. அம்மா குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு வந்து நின்றது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அவள் சொன்னதையே நானும் சொன்னேன்.

"இன்னாடி, இந்தப் பொம்பள நம்ம அருளு மாதிரியே பாடறா."